எம்.எஸ் வந்த தங்கச்சியோட சேர்ந்து சிரிச்சது தப்பா?

கேள்வி, 2 மே 2024

என் தங்கச்சிக்கு 26 வயசு. போன மாசம் எம்.எஸ்னு சொல்லிட்டாங்க, மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ், மூளை தண்டுவட நரம்புக்கு மேல இருக்குற உறை பிஞ்சு போற நோயாம். நேத்து பஸ் ஸ்டாண்டுல இருந்து ரெண்டு பேரும் நடந்து வந்தோம், வாசல்ல வந்து பாத்தா அவ வலது கால்ல செருப்பு இல்ல, எங்க கழண்டுச்சுன்னு அவளுக்கே தெரியல, அந்தக் கால் மரத்துப் போயிருக்கு. நான் சிரிச்சிட்டேன். அவளும் விழுந்து விழுந்து சிரிச்சா. அம்மா வந்து என் முதுகுல ஒண்ணு வச்சாங்க, புள்ளைக்கு வந்த நோய் உனக்கு சிரிப்பா இருக்கான்னு அழுதாங்க. அதுல இருந்து வீட்ல பேச்சே இல்ல. இதை வச்சு சிரிக்கலாமா கூடாதா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

3 மே 2024, ராத்திரி 10.40

தம்பி, எனக்கு எம்.எஸ் வந்து 13 வருஷம் ஆச்சு. சிரிக்கலாமான்னு அப்புறம் பேசுவோம், அவ உள்ளங்கால மொதல்ல பாத்தீங்களா? மே மாசத் தாரு ரோட்டுல ஒத்தச் செருப்போட நடந்திருக்கா, மரத்த காலுக்கு சூடு தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. இப்பவே டார்ச் அடிச்சுப் பாருங்க. இனிமே பின்னால வார் வச்ச செருப்புதான் வாங்கணும், விரல் செருப்பு வேணாம்.

பாத்துட்டு வந்து சொல்லுங்க, மிச்சத்த அப்புறம் எழுதுறேன்.

3 மே 2024, ராத்திரி 11.55

சின்னதா ஒரு கொப்புளம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அதைக் குத்தாதீங்க, சுத்தமா வச்சு நாளைக்கு டாக்டர்ட்ட காட்டிருங்க.

இப்ப உங்க கேள்வி. யாரு மொதல்ல சிரிச்சதுன்னுதான் நான் பாப்பேன். நீங்க மொதல்ல சிரிச்சீங்க, அவ பின்னாடி சிரிச்சா. அவளுக்கே சிரிப்பு வந்துச்சா, இல்ல அண்ணன் சிரிக்கிறானேன்னு கூட சிரிச்சாளா? இதை அவகிட்டத்தான் கேக்கணும், அம்மா இல்லாத நேரமாப் பாத்துக் கேளுங்க. அவளுக்கே வந்த சிரிப்புன்னா அதை விட்றாதீங்க தம்பி. இந்த நோய்ல மாத்திரைக்கு அட்டவணை இருக்கு, எம்.ஆர்.ஐக்கு அட்டவணை இருக்கு, சிரிப்பு மட்டும் அதுவா வர்றப்பத்தான் கிடைக்கும்.

எனக்கு மொத சிரிப்பு நோயோட பேர்லயே வந்துச்சு. 2011ல வலது கண்ணு மங்கி, ஊசி எல்லாம் போட்டு, கடைசில எம்.எஸ்னு எழுதிக் குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் எங்க சின்னத்தை என்ன வியாதிடின்னு கேட்டாங்க. எம்.எஸ் அத்தைன்னேன். அவங்க முகமெல்லாம் மலர்ந்து போச்சு, எனக்கும் எம்.எஸ்ஸுன்னா உசுரு, காலங்காத்தால அவங்க குரலக் கேட்டாத்தான் எனக்குப் பொழுதே விடியும்னாங்க. அத்தை நினைச்சது எம்.எஸ். சுப்புலட்சுமிய. அந்த வாரம் முழுக்க அழுதுக்கிட்டே இருந்தவ நான், அன்னைக்கு நெஞ்சு வலிக்கிற வரைக்கும் சிரிச்சேன். அத்தைக்கு விஷயம் புரிஞ்சதும் அழுதுட்டாங்க, நான் அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு இன்னும் சிரிச்சேன்.

4 மே 2024

இன்னைக்கு கத்திரி ஆரம்பம். 28 வரைக்கும். நமக்கு இது ரொம்ப முக்கியமான தேதி, காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க.

உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே போதும், உறை பிஞ்ச நரம்பு வேலை செய்ய மறுத்துரும். ஒயர் மேல இருக்குற ரப்பர் உரிஞ்ச மாதிரின்னு வச்சுக்கோங்க, குளிர்ச்சியா இருக்குறப்ப எப்படியோ கரண்ட் போகும், சூடானா தடுமாறும். பாக்குறது மங்கும், கால் துவளும். குளிர்ந்ததும் திரும்பி வந்துரும். இதுக்கு ஊத்தோஃப்னு பேரு, சூட்டால இப்படி ஆகுதுன்னு 1890ல சொன்ன ஜெர்மன் கண் டாக்டரோட பேரு. எம்.ஆர்.ஐ இல்லாத காலத்துல சந்தேகம்னா ஆளைச் சுடுதண்ணித் தொட்டியில உக்கார வச்சுப் பாப்பாங்களாம், கண்ணு மங்குனா கால் துவண்டா இந்த நோய்தான்னு. கம்பம் தேனி பக்கம் சித்திரை வைகாசில பொறந்து வளந்த எங்களுக்குத் தனியாத் தொட்டி எதுக்கு.

இந்த வெயிலப் பத்தி ஒரு கோயில் கதை இருக்கு, பெரிய கதை, கைக்குத் தெம்பு இருக்குற அன்னைக்கு எழுதுறேன்.

4 மே 2024, சாயங்காலம்

திருத்தம். சூடுதான் காரணம்னு ஊத்தோஃப் சொல்லல. ஓடியாடி வேலை செஞ்சா நோயாளிக்குக் கண்ணு மங்குதுன்னுதான் அவர் எழுதினாரு, களைப்புன்னு நினைச்சாரு. உடம்புச் சூடுதான் காரணம்னு பின்னாடி வந்தவங்கதான் புரிஞ்சுக்கிட்டாங்க. தப்பா எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

6 மே 2024

தங்கச்சி சொன்னதை எழுதியிருந்தீங்க, "எனக்கே சிரிப்பு வந்துச்சு அண்ணே, அந்தச் செருப்பு எந்த பஸ்ஸுல ஏறிப் போச்சோன்னு நினைச்சேன்"னு. படிச்சுட்டு நானும் சிரிச்சேன். அவ என் ஆளு!

அம்மா அடிச்சதை மனசுல வச்சுக்காதீங்க. எங்கம்மா மூணு வருஷம் சிரிக்கல. நான் சிரிச்சா எழுந்து அடுப்படிக்குப் போயிருவாங்க. அவங்க மொதமொத சிரிச்சது ஒரு குக்கரால.

இந்த நோய்ல சில சமயம் வார்த்தை வராது. பொருள் கண்ணு முன்னாடி நிக்கும், பேரு மட்டும் வாயில வேற ஒண்ணு வரும். ஒரு நாள் கூடத்துல உக்காந்து அம்மாவுக்குக் குரல் குடுக்குறேன், "அம்மா மூணு விசில் வந்துருச்சு, தாத்தாவ இறக்கி வைய்யி"ன்னு. எங்க தாத்தா, அதாவது எங்கம்மாவோட அப்பா, அங்கனதான் கட்டில்ல உக்காந்திருந்தாரு, அப்ப அவருக்கு 88 வயசு. அவரு மெதுவா நிமிந்து பாத்து, "நான் ஒரு விசிலும் அடிக்கலையே தாயி"ன்னாரு. எங்கம்மா சுவத்துல சாஞ்சு அப்படியே வழுக்கித் தரையில உக்காந்துட்டாங்க, முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு. சிரிக்கிறாங்களா அழுவுறாங்களான்னு கொஞ்ச நேரம் எனக்குத் தெரியல. சிரிப்புதான்.

தாத்தா போய்ச் சேந்துட்டாரு. எங்க வீட்ல குக்கருக்குப் பேரு இன்னைக்கும் தாத்தாதான். கேஸ்கட் போனா "தாத்தாவுக்குப் புது கேஸ்கட் வாங்கணும்"னு எங்கம்மாதான் சொல்லுவாங்க.

9 மே 2024

அவளுக்குத் தலையக் குனிஞ்சா முதுகுல கரண்ட் பாயுதாமே. பயப்படாதீங்க, ஆனா டாக்டர்ட்ட கட்டாயம் சொல்லுங்க. கழுத்துப் பக்கம் தண்டுவடத்துல புண்ணு இருந்தா, குனியிறப்ப அந்த நரம்பு இழுபட்டு இப்படி ஆகும். லெர்மிட் அறிகுறின்னு பேரு. பிரான்ஸ் டாக்டர் ழான் லெர்மிட் 1924ல விரிவா எழுதினாரு. (ஊத்தோஃப் விஷயத்துல சூடு பட்டதால இந்தத் தடவை பாத்துட்டே எழுதுறேன்: அவருக்கு முன்னாடியே 1917ல மாரி, ஷாட்லேன்னு ரெண்டு பேரு இதைக் குறிச்சு வச்சிருக்காங்க.)

எனக்கு இது ரெண்டு வருஷம் இருந்துச்சு. கோலம் போடக் குனிஞ்சா கரண்ட், பெரியவங்க கால்ல விழுந்தா கரண்ட். எங்க பக்கம் கரண்ட் கட் அதிகமா இருந்த சமயம் அது. ராத்திரி கரண்ட் போனதும் என் மகன், அப்ப ரெண்டாங்கிளாஸ், "அம்மா தலையக் குனிம்மா, ஃபேன் ஓடுதான்னு பாப்போம்"பான். நான் குனிவேன். "அய்யோ உனக்கு மட்டும்தான் வந்துச்சு"ம்பான். இருட்டுக்குள்ள ரெண்டு பேரும் சிரிப்போம். வலியில்லன்னு இல்ல, சுரீர்னு இருக்கும். ஆனா அவன் அந்த வயசுல பயப்படாம இருந்ததுக்கு இந்த விளையாட்டுதான் காரணம்னு நான் முழுசா நம்புறேன்.

10 மே 2024

இன்னொண்ணு விட்டுப்போச்சு. நெஞ்சுக்குக் கீழ சுத்தி இறுக்கமா பட்டை கட்டின மாதிரி வரும், மூச்சு விடக் கஷ்டமா இருக்கும். வெளிநாட்டுல இதை எம்.எஸ் கட்டிப்பிடிக்குதுன்னு சொல்றாங்க. நாங்க ஒட்டியாணம்னு சொல்லுவோம். கல்யாணத்துக்கு எங்கப்பாவால ஒட்டியாணம் போட முடியல, அவருக்கு அது பெரிய குறை. வலி வந்த அன்னைக்கு நான்தான் சொன்னேன், "அப்பா, ஒட்டியாணம் வந்துருச்சு, செய்கூலி சேதாரம் எதுவுமில்ல"ன்னு. அவரு சிரிச்சாரு, கண்ணுல தண்ணியோட. அதுக்கப்புறம் போன் பண்ணினா மொதக் கேள்வியே "ஒட்டியாணம் தளர்ந்துச்சா தாயி"ன்னுதான். அவருக்கு நோயப் பத்திக் கேக்க வாய் வராது, ஒட்டியாணத்தப் பத்திக் கேக்க வாய் வந்துச்சு.

மொத தடவை வந்தா இருதய வலியா இதுவான்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. ஈசிஜி எடுத்துப் பாத்துத்தான் ஆகணும். நான் எடுத்தேன்.

13 மே 2024

நேத்து நான் எழுதினதையெல்லாம் திரும்பப் படிச்சேன், மனசு உறுத்துது. எல்லாத்தையும் சிரிச்சே கடந்து வந்த மாதிரி இருக்கு. அப்படி இல்ல.

2014ல இடது கால் மரத்துச்சு. "கால் லீவு போட்டிருக்கு"ன்னு வீட்ல சொல்லிச் சொல்லியே மூணு வாரம் ஓட்டிட்டேன். சிரிக்க வச்சா யாரும் ஆஸ்பத்திரின்னு பேச மாட்டாங்க, அது எனக்கு வசதியா இருந்துச்சு. அது நோயோட புது தாக்குதல். கடைசில போய் ஒரு நாளைக்கு 1 கிராம் கணக்குல அஞ்சு நாள் ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏத்துனாங்க, கால் வந்துச்சு, ஆனா முழுசா வரல. சீக்கிரம் போயிருந்தா வந்திருக்குமான்னு டாக்டரக் கேட்டேன், அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மான்னாரு. ஆனா அந்தத் தாக்குதல் தெரிஞ்சிருந்தா மூணு வாரம் முன்னாடியே மாத்திரைய மாத்தியிருக்கலாம்னாரு.

அதனால இதை எழுதி வச்சுக்கோங்க. புதுசா ஒரு அறிகுறி, இல்ல பழசு ஒண்ணு மோசமாகி, 24 மணி நேரத்துக்கு மேல நின்னா டாக்டருக்கு போன். காய்ச்சல் இருக்கா, ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல் இருக்கான்னும் பாருங்க, அந்தத் தொற்றாலயும் பழைய அறிகுறி தலை தூக்கும். சிரிப்பு போனுக்கு அப்புறம்.

நான் தினசரி காலண்டர் தாள்லயே குறிச்சு வைப்பேன். மூணாம் ஜார்ஜுன்னு இங்கிலாந்து ராஜா, அவரோட பேரன் அகஸ்டஸ் டெஸ்டேக்கு இந்த நோய் இருந்திருக்கு. 1822ல கண்ணு மங்குனதுல ஆரம்பிச்சு 20 வருஷத்துக்கு மேல டைரி எழுதியிருக்காரு. நோய்க்குப் பேரே வைக்காத காலம், பாரிஸ்ல ஷார்கோங்கிற டாக்டர் இதைத் தனி நோயாப் பிரிச்சுச் சொன்னது 1868ல. அந்த டைரிய வச்சுத்தான் அவருக்கு இருந்தது எம்.எஸ்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க. தங்கச்சியையும் எழுதச் சொல்லுங்க, ரெண்டு வரி போதும்.

14 மே 2024

உதவித்தொகை கேட்டிருந்தீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல சொல்லியிருக்குற 21 வகையில எம்.எஸ்ஸும் உண்டு. தமிழ்ல "தண்டுவட மரப்பு நோய்". தமிழ்நாட்டுல மாசம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை இருக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க.

எழுத்தப் பாத்து வாங்குங்க. எனக்கு ஒரு காகிதத்துல "தண்டுவட மறப்பு நோய்"னு வந்துச்சு, பெரிய ற. திருத்த ரெண்டு நடை நடந்தேன். ஆனா அந்தத் தப்பு எனக்குப் பிடிச்சுப் போச்சு. என் தண்டுவடம் காலை மறந்துதானே போகுது. நடக்கையில கால் இழுத்தா என் வீட்டுக்காரர், "மறந்துருச்சா? ஞாபகப்படுத்து"ம்பாரு, நான் தொடையில ரெண்டு தட்டு தட்டுவேன்.

17 மே 2024

மழை. ரெண்டு நாளாக் குளுகுளுன்னு இருக்கு, கால் நேரா நிக்குது. கோயில் கதைய இன்னைக்கு எழுதிருறேன்.

2016 வைகாசி, எங்க ஊர் அம்மன் கோயில் பொங்கல். மாவிளக்குத் தட்ட எடுத்துக்கிட்டு வெயில்ல வரிசையில முக்கால் மணி நேரம் நின்னேன். உருமி வேற காதுக்குப் பக்கத்துல. எனக்கு முன்பாதத்த ஊனினா கணுக்கால் தானா துடிக்கும், குளோனஸ்னு டாக்டர் சொல்வாரு, தையல் மிஷின் ஓடுற மாதிரி டகடகன்னு ஆடும். அன்னைக்கு சூட்டுல ரெண்டு காலும் ஆட ஆரம்பிச்சுச்சு. தட்டு ஆடுது, விளக்கு ஆடுது. கண்ணு வேற மங்கிருச்சு. யாரோ ஒரு அம்மா "ஆத்தா வந்துட்டா!"ன்னு கத்துனாங்க. அவ்வளவுதான், குலவை. உருமிக்காரர் திரும்பி என்னையப் பாத்து வேகத்தைக் கூட்டுனாரு, கால் இன்னும் ஆடுச்சு.

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு, பேச்சு வரல. நெத்தி நிறைய விபூதி, கையில வேப்பிலை. ஒரு அக்கா என் கால்ல விழுந்து, "தாயி, எம்மக கல்யாணம் தள்ளிக்கிட்டே போகுது, ஒரு வாக்கு சொல்லு"ன்னு அழுவுது. நான் உசுரக் குடுத்து ஒரு வார்த்தை சொன்னேன்: "மோரு."

அடுத்த நிமிஷம் ரெண்டு குடம் மஞ்சத்தண்ணிய என் தலையில ஊத்துனாங்க. தம்பி, அந்தக் குளிர்ச்சி இன்னும் உச்சந்தலையில இருக்கு. அஞ்சாறு நிமிஷத்துல கால் நின்னுருச்சு. கண்ணு தெளிஞ்சுச்சு. ஊத்தோஃபுக்கு இதைவிடச் சரியான வைத்தியம் எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடைச்சிருக்காது, குளிர வைக்கணும், அவ்வளவுதான், ஊரே சேர்ந்து குளிர வச்சிருச்சு. "ஆத்தா மலையேறிட்டா"ன்னாங்க. வீட்டுக்காரர் கூட்டத்த விலக்கிக்கிட்டு வந்து என்னையத் தூக்கி ஆட்டோவுல உக்கார வச்சாரு. பாதித் தூரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அவரு மெதுவா, "தாயி, நம்ம வீட்டு லோன் எப்ப முடியும்?"னாரு. ஆட்டோக்காரர் வண்டிய ஓரங்கட்டுற அளவுக்கு சிரிச்சோம்.

18 மே 2024

எல்லாரும் சிரிச்சிருக்கீங்க, சந்தோஷம். ஆனா இதுக்கு ஒரு பின்பகுதி இருக்கு, நேத்து எழுத மனசு வரல. கால்ல விழுந்த அந்த அக்கா, அடுத்த வருஷத்துல இருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் ரெண்டு அண்டா மோரு ஊத்துறாங்க. மகளுக்குக் கல்யாணம் ஆகல இன்னும். நான் அந்தக் கோயில் பக்கம் போறப்ப வேற வழியாப் போறேன், எட்டு வருஷமா. சிரிப்பு எங்களுது, அண்டா அவங்களுது. அது சரியில்ல.

21 மே 2024

தங்கச்சி ரெண்டு நாள் காரணமே இல்லாம சிரிச்சதா எழுதியிருக்கீங்க, சந்தோஷமா இருக்கான்னு நினைச்சேன்னும் எழுதியிருக்கீங்க. தம்பி கவனமாப் படிங்க. டிவில சாவுச் செய்தி ஓடுறப்ப சிரிப்பு வந்து, நிறுத்த முடியாம, முடிவுல களைச்சு அழுதான்னா, அது சிரிப்பு இல்ல. அறிகுறி.

எனக்கு வந்துச்சு. பெரியப்பா எழவு வீட்ல, பொம்பளைங்க கட்டிப்பிடிச்சு அழுவுற இடத்துல, எனக்குள்ள சிரிப்புச் சத்தம் கிளம்புச்சு. உள்ள துக்கம், வெளிய சிரிப்பு. பெரியப்பா என்னைய சைக்கிள்ல வச்சுப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவரு. முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு கொல்லைப்பக்கம் ஓடுனேன். பெரியம்மா ஒரு வருஷம் என்கூடப் பேசல. மூளையில உணர்ச்சியையும் முகத்தையும் சேத்து அடக்கி வைக்கிற இணைப்பு பழுதானா இப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாரு, மாத்திரை குடுத்தாரு, நல்லா அடங்கிருச்சு. அவரையே ஒரு தாள்ல எழுதிக் குடுக்கச் சொல்லி பெரியம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். பெரியம்மா என் வாயத் தடவிக் குடுத்தாங்க.

நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. அவகிட்ட மொதல்ல சொல்லுங்க, நீ கெட்டவ இல்ல, உனக்கு மனசு இல்லாமப் போகலன்னு. அந்தப் பயம்தான் இதுல பெரிய வேதனை.

22 மே 2024

டாக்டர் பாத்துட்டாங்களா, நல்லது.

ரிச்சர்ட் பிரையர்னு அமெரிக்காவுல பெரிய நகைச்சுவைக் கலைஞர். 1986ல அவருக்கு எம்.எஸ்னு தெரிஞ்சுச்சு. 1990கள்ல நடக்க முடியாம ஆனப்புறமும் நாற்காலியில உக்காந்து மேடையில பேசினாரு, 1995ல ஒரு டிவி தொடர்ல எம்.எஸ் வந்தவராவே நடிச்சாரு. 2005ல இறந்தாரு. உக்காந்துக்கிட்டே கூட்டத்த சிரிக்க வச்ச ஒரு மனுஷன் இருந்தாருன்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க.

28 மே 2024

கத்திரி முடிஞ்சுச்சு. இன்னைக்குக் காலையில வெயில் ஏறுறதுக்குள்ள அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் கூட வரேன்னாரு, வேணாம்னுட்டேன். கைத்தடிய ஊனிக்கிட்டு அவங்க திண்ணையில உக்காந்து முழுசாச் சொன்னேன், எனக்கு நரம்பு நோய், அன்னைக்கு வந்தது ஆத்தா இல்ல, வெயிலு, தாகத்துல மோரு கேட்டேன், இத்தனை வருஷம் சொல்லாம இருந்தது என் தப்புன்னு.

அவங்க என் காலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. படி ஏறுன களைப்புல அது திரும்ப டகடகன்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு.

"இதுதானா அது"ன்னாங்க. ஆமான்னேன். குனிஞ்சு ரெண்டு கையாலயும் என் முழங்கால அமுக்கிப் பிடிச்சாங்க, நிக்குற வரைக்கும். பக்கத்து வீட்டு வாசல்ல ஒரு கிழவி எட்டிப் பாத்துட்டு "ஆத்தா வந்திருக்காளா?"ன்னு கேட்டுச்சு. அந்த அக்கா என்னையப் பாத்தாங்க. மொதல்ல அவங்க உதடுதான் துடிச்சுச்சு, நான் காத்திருந்தேன், அவங்க சிரிச்சதுக்கு அப்புறம்தான் நான் சிரிச்சேன்.

"இல்ல கெழவி, நம்ம புள்ளதான் வந்திருக்கு"ன்னாங்க. மோரு கொண்டு வந்து குடுத்தாங்க. இந்த வருஷமும் ரெண்டு அண்டா ஊத்துவேன், வரிசையில நிக்கிறவங்களுக்கு வெயிலுதானேன்னாங்க. உப்பு கொஞ்சம் கூட.